யார் பேசுகிறார்கள்? கணினி எப்படிப் பிரிக்கிறது?

மாதவரம் பேருந்து நிலையத்தில் இருவர் பேசுவதைப் பதிவுசெய்து கொடுத்தால், எது யார் குரல் என்று கணினி எப்படிப் பிரிக்கும்? ஒலியைச் சுமார் 25 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று அளக்கிறது. தொண்டை, வாய், மூக்கு அறைகளின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதால் அந்த அளவுகளும் மாறும். சொல்லைக் கண்டறிய ஆளை மறக்க வேண்டும். ஆளைக் கண்டறியவோ சொல்லை மறக்க வேண்டும். இத்துறையின் அழகே இந்த முரண்தான். இருவரும் ஒரே நேரத்தில் பேச, லாரி ஹாரனும் சேர்ந்தால் கணினி இன்றும் தடுமாறும். பேச்சை எழுத்தாக்கக் கணினியைப் பழக்குவதற்காக, சென்னை ஐஐடியின் ஸ்பிரிங் ஆய்வகம் 2023-இல் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளில் சுமார் 2,000 மணிநேரப் பேச்சை எல்லோருக்கும் திறந்துவிட்டது. கேட்டுப் பழகாத பேச்சை இயந்திரம் அடிக்கடி பிழையாக எழுதும்; வடசென்னைத் தெருப்பேச்சும் இத்தகைய தொகுப்புகளில் நிறையச் சேர வேண்டும்.