பாதம் பதிந்தால் பாரம் எழும்

ஜிம்மில் சேர்ந்ததும் பல இளைஞர்கள் செய்யும் முதல் செலவு, மெத்தென்ற குதிகால் கொண்ட ஓட்டப்பயிற்சி ஷூ. முதல் தவறும் அதுதான். ஓடும்போது அதிர்வைத் தாங்கும் அந்த மெத்தை, 100 கிலோவைத் தரையிலிருந்து தூக்கும் 'டெட்லிஃப்ட்' பயிற்சியில் நசுங்கிச் சரிகிறது. கணுக்கால் ஆடுகிறது, உடல் நிலைகுலைகிறது.

இதற்குத் தேவை மெல்லிய, தட்டையான, கெட்டியான அடிப்பாகம். பாதம் தரைக்கு நெருக்கமாக இருந்தால் பளுவைத் தூக்கவேண்டிய உயரமும் சற்றுக் குறையும். கடையிலேயே சோதிக்கலாம்: கட்டைவிரலால் அழுத்தினால் அடிப்பாகம் அமுங்கக் கூடாது. விரல்கள் விரிய முன்புறம் அகலமாக இருக்க வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. விலை குறைந்த கான்வாஸ் ஷூவே பெரும்பாலும் தேறிவிடும்.

ஒலிம்பிக் பளுதூக்கலின் கதை வேறு. சிட்னியில் 2000-ல் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியும், டோக்கியோவில் 2021-ல் 202 கிலோவுடன் வெள்ளி வென்ற மீராபாய் சானுவும் போட்டியிட்ட ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் முறைகளில் ஆழமாகக் குந்தி எழ வேண்டும். அதற்கு 2 செ.மீ. அளவு உயர்ந்த, நசுங்காத குதிகால் கைகொடுக்கிறது.

இரண்டுக்கும் பொது விதி ஒன்றே: காலடியில் மெத்தை கூடாது.