தீசிஸ் தலைப்பு வார்டில்தான் கிடக்கிறது

கோவை அரசு மருத்துவக் கல்லூரியிலோ பீளமேடு பி.எஸ்.ஜி.யிலோ எம்.டி., எம்.எஸ். சேரும் மருத்துவர், மூன்று ஆண்டுப் படிப்புக்குள் ஓர் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். அவர்கள் பேச்சில் அது 'தீசிஸ்'. ஆய்வு முறையைக் கற்பிக்க, சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2019 முதல் இணையவழிப் படிப்பு நடத்துகிறது. பி.ஜி. மாணவர்களுக்கு அது கட்டாயம்.

படிப்பு இருக்கிறது, விதி இருக்கிறது. கேள்விதான் பல நேரம் இருப்பதில்லை. இரவு ட்யூட்டிக்கும் காலை ரவுண்ட்ஸுக்கும் நடுவே, சீனியர் செய்த தலைப்பையே கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்வது நடக்கிறது.

நல்ல கேள்வி எங்கே பிறக்கும் என்பதற்குக் கோவையிலேயே சான்று உண்டு. விபத்தில் எலும்பு முறிந்து, சதை கிழிந்து வருகிறார் ஒருவர். காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிட வேண்டுமா? இத்தகைய முறிவுகளைத் தரம் பிரிக்க உலகெங்கும் புழங்கிய கஸ்டிலோ வகைப்பாடு இதற்குத் தெளிவான விடை தரவில்லை. கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் தோல், எலும்பு, தசை மூன்றின் சேதத்துக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டார்கள். நிலைமையை மோசமாக்கும் ஏழு காரணங்களுக்குத் தலா இரண்டு. வயது 65-ஐத் தாண்டியிருப்பது அதில் ஒன்று. சாக்கடையிலோ தொழுவத்திலோ அழுக்கேறிய காயம் இன்னொன்று. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வந்த 109 காயங்களை, இடையில் எதையும் விடாமல் வரிசையாகப் பதிந்து சோதித்தார்கள். 14 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தபோது கணிப்பு மிகச் சரியாக அமைந்தது. 2006-இல் பிரிட்டனின் எலும்பு மூட்டு அறுவை இதழில் அது வெளியானது.

இது மாணவர் தீசிஸ் அல்ல, மூத்தவர்கள் செய்த வேலைதான். ஆனாலும் 109 பெரிய எண்ணா? அந்த 'விடாமல்' என்பதில்தான் விஷயம். வசதியான நோயாளிகளை மட்டும் பொறுக்கினால் எந்தப் புள்ளியியலும் முடிவைக் காப்பாற்றாது. கேள்வியும் வார்டில்தான் பிறந்தது. ஆகவே கைடு தலைப்பை எழுதிக் கொடுப்பதைவிட, முதல் சில மாதம் ரவுண்ட்ஸில் விடை கிடைக்காத இடங்களை மாணவரைக் குறித்துவைக்கச் சொல்வது மேல். கேள்வி முடிவானதும் ஒரே படிவம், முதல் நாளிலிருந்து. பழைய கேஸ் ஷீட்டைத் தோண்டினால் பாதி விவரம் இருக்காது.

வாசகருக்கும் இதில் பங்குண்டு. இளம் மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கு ஒப்புதல் படிவம் நீட்டினால், என்ன ஆய்வு என்று கேளுங்கள், புரிந்தபின் கையெழுத்திடுங்கள். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் சிகிச்சை குறையக் கூடாது என்பது விதி.