விமானம் ஏறுறதுக்கு முன்னாடி எடை போடுறாங்களாமே... டிக்கெட் விலை கூடுமா?



"ஏர்போர்ட்ல பயணிகளையே எடை போடுறாங்களாம். இனிமே எடை கூட இருந்தா டிக்கெட்டும் கூடவா?" இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் என்கிட்ட கேட்கப்படுற கேள்வி இது. பதிலை முதல்லயே சொல்லிடுறேன்: இல்லை, அதுக்காக எடை போடலை. எதுக்காகன்னு புரிஞ்சுக்கிட்டா, உங்க வீட்டுக் கணக்குல இருக்கிற ஒரு பெரிய ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும்.

யார் எடை போட்டாங்க?

2023-ல ஏர் நியூசிலாந்து, ஆக்லாந்திலிருந்து வெளிநாடு போற பயணிகளை எடை பார்த்தது. 10,000 பேருக்கு மேல பார்க்கிறதுதான் திட்டம். அதே வருஷம் கொரியன் ஏர், 2024 பிப்ரவரியில ஹெல்சின்கியில ஃபின்ஏர். நியூசிலாந்துல, மெஷின் மேல ஏறி நின்னாலும் எடை எவ்வளவுன்னு திரையில தெரியாது. பெயரும் பதிவாகாது. ஏன்னா அவங்களுக்கு உங்க தனிப்பட்ட எடை தேவையில்லை. தேவை சராசரி மட்டும்தான்.

இது நம்ம ஸ்டாண்டர்ட் காஸ்ட் மாதிரிதான்

காமர்ஸ் படிச்சவங்களுக்கு ஸ்டாண்டர்ட் காஸ்ட் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையான செலவைத் தேடிட்டு இருக்காம, ஒரு நிலையான தொகையை வச்சு கணக்குப் போடுறது. விமானத்துலயும் அதேதான். ஒவ்வொரு பயணத்துக்கும் மொத்த எடை என்ன, அது முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு ஒரு தாள் தயாராகும். எவ்வளவு எரிபொருள், எந்த வேகத்துல மேலே கிளம்பணும் எல்லாம் அதை வச்சுத்தான். பெட்டிகளை எடை போட்டுடலாம். மனுஷங்களுக்கு மட்டும் ஒரு சராசரி. ஐரோப்பிய விதியில, பெரிய விமானங்களுக்கு ஒரு பெரியவருக்குக் கைப்பையோட சேர்த்து 84 கிலோன்னு ஒரு கணக்கு உண்டு.

சரி, இந்தச் சராசரி தப்பா இருந்தா? 200 பேர் போற விமானத்துல ஆளுக்கு 5 கிலோ கூட இருந்தா, தாள்ல இல்லாத 1,000 கிலோ வானத்துல போகுது. அதனாலதான் சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப எடை போட்டுப் பார்க்கிறாங்க.

தாள்ல சரி, நிஜத்துல தப்பு

2003 ஜனவரி 8. அமெரிக்காவின் சார்லட் நகரம். ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் 19 சீட் விமானம் கிளம்பின உடனே விழுந்து, உள்ளே இருந்த 21 பேரும் இறந்தாங்க. தாள்ல எடை எல்லைக்குள்ளேதான் இருந்தது. விசாரணையில பார்த்தா, உண்மையான எடை எல்லையைத் தாண்டி சுமார் 260 கிலோ கூட, அதுவும் பாரம் பின்பக்கமா சாய்ஞ்சிருந்தது. பராமரிப்புல நடந்த தவறும் சேர்ந்துதான் விபத்து. அதுக்கு அப்புறம் சின்ன விமானப் பயணிகளை நிஜமாவே எடை போட்டப்போ, வச்சிருந்த சராசரியை விட ஆளுக்கு சுமார் 9 கிலோ கூட இருந்தது. மக்கள் எடை மாறிடுச்சு, தாள் மாறலை.

இன்னொண்ணு. 2020 ஜூலையில பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குக் கிளம்பின ஒரு போயிங் 737. 'மிஸ்'னு பதிவு செஞ்ச 38 பெண்களை சாஃப்ட்வேர் குழந்தைகள்னு எடுத்துக்கிச்சு. 69 கிலோ போட வேண்டிய இடத்துல 35 கிலோ. மொத்தம் 1,200 கிலோவுக்கு மேல வித்தியாசம்! நல்லவேளை, விமானம் பத்திரமா போய்ச் சேர்ந்தது.

டிக்கெட் கணக்கு

பொதுவான கணக்குப்படி, ஒரு கிலோ கூடுதல் எடையை ஒரு மணி நேரம் தூக்கிட்டுப் போக சுமார் 30 கிராம் எரிபொருள் ஆகும். உங்களை விட பக்கத்து சீட்காரர் 15 கிலோ அதிகம், பயணம் 4 மணி நேரம்னு வச்சுக்கோங்க. 15 x 4 x 30 = 1,800 கிராம். அதாவது சுமாரா இரண்டேகால் லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னா 225 ரூபாய். இதுக்காக ஒவ்வொருத்தரையும் தராசுல ஏத்தி மனசை நோகடிக்கிறது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கட்டுபடியாகாது.

கிலோவுக்கு இவ்வளவுன்னு டிக்கெட் போட்ட நிறுவனமும் உண்டு. 2013-ல சமோவா ஏர் அப்படிச் செஞ்சது. அவங்களோடது ரொம்பச் சின்ன விமானங்கள். 300 பேர்ல கூடுதலும் குறைவும் சமன் ஆகிடும். 8 பேர்ல ஆகாது. அங்கே ரெண்டு பேர் கனமா இருந்தாலே கணக்கு மாறிடும். அதனால சின்ன விமானத்துல சராசரியை நம்பாம, உண்மையான எடையைக் கேட்கிறது சகஜம்.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்

உங்க வீடு ஒரு 4 சீட் விமானம். ஆனா நாம கணக்குப் போடுறது கோடிக்கணக்கான பேரோட சராசரி பணவீக்கத்தை வச்சு, அதுவும் என்னைக்கோ ஒருநாள் போட்ட கணக்கு.

போன வருஷம் ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க. கணவர் திடீர்னு இறந்துட்டார். 2014-ல 50 லட்சத்துக்கு டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். அப்போ வீட்டுச் செலவு மாசம் 20,000. போதும்னு நினைச்சது தப்பே இல்லை. இப்போ ரெண்டு பசங்க படிப்போட செலவு 45,000. 50 லட்சத்தை 7% வட்டியில போட்டா மாசம் 29,000 வரும். மீதி 16,000-க்கு அவங்க வேலை தேடிட்டு இருக்காங்க. முதல்ல போட்ட கணக்கு சரிதான். நடுவுல யாரும் எடை போடலை, அவ்வளவுதான்.

அதனால வருஷத்துக்கு ஒரு நாள் இதைச் செய்யுங்க:

1. கடைசி 3 மாச பேங்க் ஸ்டேட்மென்ட், கிரெடிட் கார்டு பில் எடுத்து உண்மையான செலவைக் கூட்டுங்க. குத்துமதிப்பு வேண்டாம்.
2. ஸ்கூல் ஃபீஸ், இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதை 12-ஆல வகுத்துச் சேருங்க.
3. அந்தத் தொகையை வச்சு அவசர நிதி, டெர்ம் கவர், ஓய்வுக்கால இலக்கு மூணையும் திரும்பக் கணக்குப் போடுங்க.

தராசுல ஏற யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். ஆனா வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில, காபி குடிச்சுட்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்க. உங்க கணக்கு எத்தனை கிலோ தப்புன்னு தெரிஞ்சுடும்.