பெயர் அறியாப் பறவையை இனங்காண்பது எப்படி?

வயலும் ஏரியும் தோப்பும் சூழ்ந்த நம் கிராமங்களில் காகம், மைனா, கொக்கு, மீன்கொத்தி முதலிய பறவைகளை அறியாதவர் இலர். ஆயினும் பழக்கமில்லாத பறவையொன்று வயலின்மீது வட்டமிட்டால், அது இன்னதென்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. ‘இது கோழிக்குஞ்சைத் தூக்கும் பறவை’ என்று யாரேனும் ஒருவர் கூறிவிட்டால் போதும். இளைஞர்கள் உண்டிவில்லைக் கையில் எடுத்துவிடுகின்றனர். வீழ்ந்தது உழவனின் பகையா, உழவனுக்கு ஊதியமின்றி உழைக்கும் நண்பனா என்பதை எவரும் ஆராய்வதில்லை. ஆகவே, பறவையை இனங்காணுதல் பொழுதுபோக்கு மட்டுமன்று. பயிர்ப் பாதுகாப்போடு நெருங்கிய தொடர்புடைய அறிவுமாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அறுவடை முடிந்த வயலின்மேல் வெண்ணிறப் பறவையொன்று பறக்கிறது. திடீரென வானில் ஓரிடத்திலேயே சிறகடித்து நிற்கிறது. பின்னர்க் கால்களைத் தொங்கவிட்டபடி மெல்ல இறங்கித் தரையில் பாய்கிறது. இதனை முதன்முறையாகக் காணும் ஒருவர் எவ்வாறு இனங்காண்பது?

முதலாவது, அளவு. ‘பெரியது’, ‘சிறியது’ என்று சொல்வதால் பயனில்லை. நன்கறிந்த பறவையோடு ஒப்பிட வேண்டும். சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து என்னும் நான்கும் நமக்கு இயற்கை தந்த அளவுகோல்கள். நாம் கண்ட பறவை காகத்தினும் சற்றுச் சிறியது.

இரண்டாவது, வடிவம். அலகு, கால், வால், சிறகு ஆகியவற்றைத் தனித்தனியே நோக்க வேண்டும். அலகு பறவையின் உணவைக் காட்டும். கொக்கின் அலகு மீனைப் பற்றுவதற்கு நீண்டு கூர்மையாயிருக்கும். தானியம் தின்னும் குருவியின் அலகு குட்டையாய்த் தடித்திருக்கும். நம் பறவையின் அலகோ வளைந்து கொக்கி போன்றுள்ளது. எனவே, நிறம் வெண்மையாயினும் இது கொக்கன்று. ஊனுண்ணும் பருந்தினத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது, நிறம். புதிதாகப் பறவை நோக்குவோர் நிறத்தையே முதலில் நம்புகின்றனர். ஆனால் நிறம் ஏமாற்றவல்லது. வரப்பில் அமர்ந்திருக்கும்போது மண்ணிறமாய்த் தோன்றும் மடையான், பறக்கும்போது வெண்சிறகுடன் வேறொரு பறவை போலக் காட்சியளிக்கும். ஆண் குயில் கருமை. பெண் குயிலோ பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. ஆதலால், மொத்த நிறத்தைக் காட்டிலும், எந்த உறுப்பில் எந்த நிறம் என்பதே முக்கியம். நம் பறவையின் வயிறு வெண்மை, முதுகு சாம்பல், தோளில் தெளிவான கருந்திட்டு, கண் சிவப்பு, வால் குட்டை.

நான்காவது, நடத்தை. ஏறத்தாழ இதே அளவுள்ள வல்லூறு, மரத்தில் மறைந்திருந்து இரைமீது பாயும். சில முறை விரைந்து சிறகடித்துப் பின் சறுக்கிப் பறக்கும். வளர்ந்த வல்லூற்றின் மார்பில் செம்பழுப்புக் கோடுகளும், நீண்ட வாலில் பட்டைகளும் உண்டு. வானில் நின்று சிறகடிப்பது அதன் வழக்கமன்று. ஆங்கிலத்தில் கெஸ்ட்ரல் எனப்படும் பறவையும் இவ்வாறு வானில் நிற்கும். எனினும் அதன் முதுகு செங்கல் நிறமாகவும், வால் நீண்டும் இருக்கும். மேலும், அது குளிர்காலத்தில் நம் பகுதிக்கு வந்து திரும்பும் பறவை.

ஐந்தாவது, இடமும் காலமும். ஒரு பறவையைக் கண்ட மாதம், நேரம், நிலத்தின் தன்மை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டால் ஐயங்கள் பல தாமே நீங்கும். திறந்த வயல்வெளியில் ஆண்டு முழுவதும் காணப்படுவது என்பது நம் பறவைக்குரிய மற்றொரு சான்று.

இவ்வைந்தையும் சேர்த்துப் பார்க்கையில் விடை கிடைக்கிறது. நாம் கண்டது கருந்தோள் பருந்து. கோழிக்குஞ்சுகளைக் கவர்வதில் பேர்போனது கள்ளப்பருந்து; அது காகத்தினும் பெரியது, கரும்பழுப்பு நிறமும் நடுவில் பிளவுபட்ட வாலும் உடையது. கருந்தோள் பருந்தின் தலையாய உணவோ வயலெலி. வெட்டுக்கிளி, ஓணான் போன்றவற்றையும் உண்ணும். ‘பருந்து’ என்னும் பொதுப்பெயர் ஒன்றினாலேயே ஒன்றன் குற்றத்திற்கு மற்றொன்று தண்டனை பெறுகிறது. அன்றியும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பறவைகளைக் கொல்வது குற்றமாகும். குஞ்சுகளைக் காக்கக் கூண்டும் வலையுமே தக்க வழி. குறுக்குச் சட்டம் பொருத்திய கழிகளை வயலில் ஆங்காங்கே நட்டுவைத்தால், எலி பிடிக்கும் பறவைகள் அமர்ந்து நோட்டமிட உதவும். எலிக்கு நஞ்சு வைப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: நஞ்சுண்டு மாண்ட எலியைத் தின்னும் பறவையும் கேடுறக்கூடும். அத்தகைய எலிகளை உடனே பொறுக்கி ஆழப் புதைத்துவிடுதல் நன்று.

பெயர் தெரியாத பறவையைப் பற்றி எழுப்பும் ஒரு வினா எத்துணைப் பயன் தரும் என்பதற்கு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்வே சான்று. 1896-இல் பிறந்த அவர், சிறுவனாயிருந்தபோது தம் துப்பாக்கியால் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருக்கக் கண்டார். அது எந்தக் குருவி என்று அறிய விரும்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அங்குச் செயலாளராயிருந்த மில்லார்டு, அது மஞ்சள் தொண்டைக் குருவி என விளக்கியதோடு, கழகத்தின் பறவைச் சேகரிப்புகளையும் காட்டினார். அந்த வினாவே அவரைப் பறவைகளின்பால் ஈர்த்தது. அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941-இல் வெளிவந்து, எண்ணற்றோருக்கு வழிகாட்டியாயிற்று. இன்றோ பறவையை அறிய அதனை வீழ்த்த வேண்டியதில்லை. கண்ணும் குறிப்பேடும் போதும்.

கிராம இளைஞர் மன்றங்களும் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றங்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். புதிய பறவையைக் கண்டவுடன் புத்தகத்தையோ கைப்பேசியையோ புரட்டாமல், முதலில் அதனை நன்கு பார்த்து, மேற்கூறிய ஐந்தையும் எழுதி, எளிய படமொன்றும் வரைந்துகொள்ள வேண்டும். புத்தகம் எங்கும் போகாது, பறவை பறந்துவிடும். அதன்பின் ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிக. ஆடு மேய்ப்போரும் நீர் பாய்ச்சுவோரும் அறிந்துள்ள பறவைப் பெயர்கள் பல இன்னும் ஏடேறவில்லை. கூட்டை நெருங்குதலும் முட்டையைத் தொடுதலும் கூடா. விடை கிடைக்காவிடில், அவசரப்பட்டு ஒரு பெயரைச் சூட்டாது, குறிப்பைப் பத்திரப்படுத்தி மறுமுறை காணும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

ஊருக்கொரு பறவைக் குறிப்பேடு உண்டாகுமாயின், எந்தப் பறவை எலியைத் தின்கிறது, எது புழுவைத் தின்கிறது, எது கதிரைத் தின்கிறது என்பது உழவர் அனைவருக்கும் விளங்கும். பெயரும் தொழிலும் அறிந்த பறவையின்மீது எவரும் எளிதில் கல்லெறியார்.