திருத்தணி வெயிலில் ஒரு சிறு விமானம்

கோடைக்காலத்தில் தமிழகத்தின் அன்றாட வெப்பநிலைப் பட்டியல் வெளியாகும்போது வேலூருக்கும் கரூர் பரமத்திக்கும் இணையாக முன்வரிசையில் இடம்பிடிக்கும் ஊர் திருத்தணி. மே மாதப் பிற்பகல்களில் அங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. முருகன் கோயிலின் 365 படிகளை ஏறுவோரை அந்த வெயில் வாட்டுவது போலவே, அவ்வழியே பறக்க நேரும் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தையும் வாட்டுகிறது. அத்தகைய விமானத்தை எந்த வேளையில் ஓட்டலாம், எவ்வளவு சுமை ஏற்றலாம், அதைத் தனியொருவர் சொந்தமாக வைத்துக்கொள்வது கட்டுப்படியாகுமா என்னும் கேள்விகளுக்கான விடை, பெரும்பாலும் காற்றின் வெப்பத்திலேயே இருக்கிறது.

விமானப் பொறியியலில் எல்லாக் கணக்குகளும் ‘திட்ட வளிமண்டலம்’ என்ற கற்பனைக் காற்றிலிருந்து தொடங்குகின்றன. கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பமும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தமும் கொண்டிருந்து, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் 6.5 டிகிரி குளிர்ந்துகொண்டே போவதாக வகுக்கப்பட்ட காற்று அது. உண்மையான காற்றின் அடர்த்தி இந்தத் திட்டக் காற்றின் எந்த உயரத்து அடர்த்திக்குச் சமமோ, அந்த உயரத்தை ‘அடர்த்தி உயரம்’ என்பர். திருத்தணிச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. ஆனால் 42 டிகிரி வெப்பத்தையும் கோடையில் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்தப் பிற்பகலின் அடர்த்தி உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டராகிறது. விமானத்தைப் பொறுத்தவரை அது தரையில் நிற்கும்போதே ஏலகிரி மலைமீது நிற்கிறது என்பது இதன் பொருள், ஏலகிரியின் குளுமை மட்டும் அங்கே கிடைக்காது.

காற்றின் அடர்த்தி இவ்வாறு பத்தில் ஒரு பங்கு குறையும்போது இறக்கையின் தூக்குவிசை குறைகிறது. முன்னால் சுழலும் புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் காற்றின் எடை குறைகிறது. எஞ்சினின் உருளைகளுக்குள் செல்லும் ஆக்சிஜன் குறைவதால் அதன் திறனும் குறைகிறது. எனவே விமானம் மந்தமாக வேகம் பிடிக்கிறது, அதேவேளையில் மேலெழுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் தரைவேகமும் அதற்குத் தேவைப்படுகிறது. உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில், 44,000-க்கும் மேல், தயாரிக்கப்பட்ட செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானம், கடல் மட்டத்து ஓடுபாதையில் 15 டிகிரியில் ஓடும் தூரத்தைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடியே தரையை விட்டு எழும். ஈரக் காற்று கனமானது என்ற பொதுவான எண்ணமும் இங்கே பொய்த்துப்போகிறது. நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது என்பதால், புழுக்கம் மிகுந்த நாளின் காற்று அதே வெப்பமுள்ள வறண்ட காற்றைவிட இலேசானது.

சூடேறிய பாறைக் குன்றுகளிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றோட்டங்கள் சிறு விமானத்தைத் தூக்கிக் குலுக்குவதும் பிற்பகலில்தான். இரவிலும் பறந்துவிட முடியாது. கண்பார்வையை மட்டும் நம்பிப் பறக்கும் விமானங்கள் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே பறக்க வேண்டும் என்பது இந்திய விதி. ஆக, கோடையில் உரிமையாளருக்கு மிஞ்சுவது விடியலை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே.

பராமரிப்பின் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. செஸ்னா போன்ற விமானங்களின் எஞ்சினில் காரில் உள்ளது போன்ற ரேடியேட்டர் கிடையாது. எதிர்க்காற்றே அதைக் குளிர்விக்கிறது. எஞ்சினின் சுழற்சியிலிருந்தே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோ கருவிகள் இரண்டும், ஒவ்வொரு உருளைக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் இருப்பதால், மின்கலம் முழுவதும் செயலிழந்தாலும் எஞ்சின் நிற்பதில்லை. ஏறத்தாழ ஐம்பது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்படுகிறது, நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற பொறியாளர் விமானத்தைத் திறந்து சோதிக்கிறார், இரண்டாயிரம் மணி நேரம் அல்லது பன்னிரண்டு ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பிக்கும்படி உற்பத்தியாளர் பரிந்துரைக்கிறார்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டு என்னும் வரம்பே தனி உரிமையாளரை வாட்டுவது. வாரம் ஒரு மணி நேரம் பறப்பவர் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் அறுநூறு மணி நேரமே பறந்திருப்பார். மீதமுள்ள ஆயிரத்து நானூறு மணி நேர ஆயுள் பயன்படாமலே கழிந்துவிடும். மேலும், ஓடாமல் நிற்கும் எஞ்சினில் எண்ணெய்ப் படலம் வடிந்துபோய், உள்ளே குளிர்ந்து படியும் ஈரம் உருளைச் சுவர்களையும் கேம் தண்டையும் துருப்பிடிக்கச் செய்கிறது. நிறுத்துமிட வாடகை, காப்பீடு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பறப்புத் தகுதிச் சான்று ஆகிய செலவுகளோ விமானம் பறந்தாலும் நின்றாலும் மாறுவதில்லை. ஆகவே தனியொருவர் தமக்கென்று ஒரு விமானம் வாங்குவது, கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், பெரும்பாலும் தவறான முடிவே. அதே எஞ்சினைப் பத்துப் பேர் பகிர்ந்து ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கான செலவு குறைவதோடு எஞ்சினும் நலமாக இருக்கும்.

முன்னோடிகள் இதை விரைவிலேயே உணர்ந்துகொண்டார்கள். 1910-ஆம் ஆண்டில் சென்னை ஓட்டல் உரிமையாளரான ஜியாகோமோ டி ஏஞ்ஜெலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தைக் கொண்டு ஓர் இரட்டையடுக்கு இறக்கை விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சொந்த விமானத்தின் தமிழக வரலாறு அங்கே தொடங்குகிறது. இருபதே ஆண்டுகளில் அந்த முயற்சி சங்கத்தின் வடிவம் பெற்றது. இறக்கைகளை மடித்துச் சிறு கொட்டகையில் வைக்கத்தக்க டி ஹாவிலண்ட் மாத் விமானம் 1925-இல் இங்கிலாந்தில் தோன்றியபின் உலகெங்கும் பறப்புச் சங்கங்கள் பெருகின. பம்பாய்ச் சங்கத்தில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929-இல் நாட்டின் முதல் விமானி உரிமத்தைப் பெற, 1930 வாக்கில் சென்னையிலும் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் இயங்கத் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்து வந்ததும் புஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில்தான். பெல்லாரியிலிருந்து சென்னை விமானத்தளத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால், அது நகரி மலைகளை ஒட்டி, திருத்தணிக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குள்ளாகவே செல்கிறது.

இன்று அதே வானில் பறப்பது அவ்வளவு எளிதன்று. திருத்தணிக்கு மிக அருகிலுள்ள அரக்கோணத்தில் 1992 முதல் ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமானத்தளம் இயங்குவதாலும், கிழக்கே சென்னைப் பன்னாட்டு விமான நிலையத்தின் போக்குவரத்து நெருக்கமாக இருப்பதாலும், பயணத் திட்டத்தை முன்கூட்டியே அளித்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற்ற பின்பே அவ்வழியே பறக்க முடியும். எரிபொருளும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பெரிய விமானங்கள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளில் ஓடுகின்றன, செஸ்னாவுக்கோ ஈயம் கலந்து நீலச் சாயமிட்ட தனிவகைப் பெட்ரோல் வேண்டும். அதை இந்தியா இறக்குமதி செய்துவந்த நிலை மாறி, இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-இல் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உருவாக்கி 1993-இல் முதன்முதலாகப் பறந்த ஹன்சா என்னும் இரண்டு இருக்கை விமானத்தின் ரோட்டாக்ஸ் எஞ்சின், ஈயமில்லாப் பெட்ரோலையும் ஏற்றுக்கொள்வது இவ்வகையில் அதன் பெருஞ்சிறப்பு.

விமானம் ஓட்டக் கற்க விழைவோருக்கு, தனியார் விமானி உரிமம் பெறப் பதினேழு வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், நாற்பது மணி நேரப் பறப்புப் பயிற்சியும், இரண்டாம் நிலை மருத்துவச் சான்றும் தேவை. பார்வையிலோ செவியிலோ இதயத்திலோ உள்ள குறை உரிமத்துக்குத் தடையாகலாம் என்பதால், பயிற்சிப் பள்ளியில் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அந்த மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்வது நல்லது.