நாகசாகியில் ஒரு ஞாயிறு

காட்டுப்பள்ளிக் கடற்கரையில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்த பின்னர், வலை பிடித்த கைகள் சில வெல்டிங் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டன. அவ்வாறு தொழில் பயின்ற இளைஞர் ஒருவர், ஜப்பான் நாட்டில் நாகசாகியை அடுத்த ஒரு கப்பல் தளத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றிவிட்டு அண்மையில் திரும்பினார். என்னைக் காண வந்தவர், சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவரோடு சென்ற ஒரு நாள் பயணத்தைப் பற்றியே பேசினார். அவர் இசைவோடு அதனை இங்கே எழுதுகிறேன்.

"சுவாமி, முதல் எட்டு மாதம் நான் கோவில் வாசலை மிதிக்கவில்லை. மொழி தெரியாது, வழி கேட்கவும் கூச்சம். அம்மா கேட்டால், பூசைக்குப் போனேன் என்று பொய் சொல்லிவிடுவேன்" என்று தலைகுனிந்தவாறே தொடங்கினார்.

அவருடைய கழுத்தில் கிடந்த செபமாலையை உடன் வேலை செய்த முதியவர் ஒருவர் கவனித்திருக்கிறார். அவர் புத்த சமயத்தவர். "ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா, உனக்கு ஓர் இடம் காட்டுகிறேன்" என்று அழைத்துச் சென்றாராம்.

நாகசாகி ரயில் நிலையத்திற்கு அருகிலேயே நிஷிசாகா என்னும் குன்று உள்ளது. 1597 பிப்ரவரி 5 அன்று 26 மறைசாட்சிகள் அங்கே சிலுவையில் அறையப்பட்டனர். வெண்கலத்தில் வடித்த அவர்களுடைய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. முதியவர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். கொன்சாலோ கார்சியா என்று படித்தவர், "இவர் உன் நாட்டுக்காரர்" என்றார். ஆம், மும்பையை அடுத்த வசாய் நகரில் பிறந்து, பிரான்சிஸ்கன் சபைச் சகோதரராகி, ஜப்பானிய மொழி கற்றுத் தம் சபைக் குருக்களுக்கு மொழிபெயர்ப்பாளராய் விளங்கிய புனிதர் அவர். 1862-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

அடுத்து தெஜிமாவைப் பார்த்தனர். 1641 முதல் டச்சுக்காரர்கள் அடைபட்டு வாணிபம் செய்த சிறு தீவு அது. நமது பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்கள்தாம். நம் சோழமண்டலக் கரையின் கோடு போட்ட துணிகள் அந்நாடு வரை சென்றன. சாந்தோம் நகரின் பெயராலேயே ஜப்பானியர் அத்துணியைச் 'சாந்தோமே' என்று அழைத்தனர்.

இறுதியாக ஊரா ஆலயம். 1614-இல் நாடெங்கும் கிறிஸ்தவ மறை தடைசெய்யப்பட்டது. குருக்கள் கொல்லப்பட்டனர், நாடு கடத்தப்பட்டனர். திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை, வேதபுத்தகம் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குருவும் இன்றி, பொதுநிலையினரே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர். பெற்றோர் வாய்மொழியாகவே மக்களுக்குச் செபங்களைக் கற்பித்தனர். 1865 மார்ச் 17 அன்று, புதிதாய்க் கட்டிய ஊரா ஆலயத்திற்கு உராகாமி சிற்றூர் மக்கள் சிலர் வந்தனர். அங்கிருந்த பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம், தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என ஒரு பெண்மணி மெல்லக் கூறி, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டார். மறைந்திருந்த விசுவாசம் உலகறிய வெளிப்பட்ட நாள் அது.

இவற்றையெல்லாம் விளக்கிய முதியவர் இறுதியில், "உனக்குச் செபம் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று கேட்டாராம்.

"அம்மா என்றேன், சுவாமி. அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை."

அன்றிரவே தாயை அழைத்து உண்மையைச் சொன்னார். அந்தத் தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இனி நாம் இருவரும் ஒரே நேரத்தில் செபமாலை சொல்லுவோம்" என்றார். இங்கே மாலை ஏழு மணி. அங்கே இரவு பத்தரை. மறு ஞாயிறு முதல் திருப்பலிக்கும் சென்றார். மொழி விளங்கவில்லை, எழுந்தேற்றம் விளங்கியது.

அன்பார்ந்த பெற்றோர்களே, நம் பிள்ளைகள் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களோடு நானும் செல்ல இயலாது. நம் ஆலயமும் செல்லாது. நீங்கள் வீட்டில் கற்றுக்கொடுத்த செபம் மட்டுமே செல்லும். நாளை நம் ஊரில் குருவும் இல்லை, கோவிலும் இல்லை என்றால், உங்கள் பேரக் குழந்தைக்கு விசுவாசப் பிரமாணம் தெரிந்திருக்குமா? உராகாமி மக்கள் விடை தந்துவிட்டனர். இன்று மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நாமும் நமது விடையைத் தொடங்குவோம்.