திருவள்ளூர் லான்சருக்கு எந்த ஆயில்?

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்கு வேக வண்டிகள் பழக்கம். 1998இல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது, 2006இல் செடியா. இரண்டுமே நம் ஊர் ராலிகளில் பேர் வாங்கியவை. செடியாவின் 2 லிட்டர் 4ஜி63 எஞ்சின், உலக ராலியை ஒரு காலத்தில் ஆண்ட லான்சர் எவல்யூஷனின் எஞ்சினுக்குப் பங்காளி. உற்பத்தி நின்று பல வருஷமாகியும் இவற்றை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், எந்த ஆயில் ஊற்றுவது என்பதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது: "பழைய வண்டி சார், திக்கா 20டபிள்யூ-50 ஊத்திடலாம், சத்தம் அடங்கிடும்." சத்தம் அடங்கும்தான். ஆனால் வயதை மட்டும் பார்த்து எல்லா எஞ்சினுக்கும் அதையே ஊற்றுவது தவறு.

ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எஞ்சின் கிளம்புவதைப் பற்றியது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் திருவள்ளூரில் 0டபிள்யூவா 15டபிள்யூவா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது அதன் கெட்டித்தன்மையைச் சொல்வது அதுதான். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. 40இலிருந்து 50க்குத் தாவுவது சின்ன மாற்றமில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் காலையில் மேல்பகுதிக்கு ஏறத் தாமதமாகும். எஞ்சினுக்கும் இழுவை கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். 4ஜி63இல் வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்கள் உள்ளன. மிகச் சின்னத் துளைகள் வழியாக ஆயில் நிரம்பினால்தான் அவை வேலை செய்யும். ஸ்டார்ட் செய்ததும் சில நொடி 'டக் டக்' என்று தட்டி அடங்கினால் பயப்பட வேண்டாம். சூடேறிய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தால், ஆயில் அளவு சரியாக இருக்கும் பட்சத்தில், துளைகளில் கசடு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் கெட்டி ஆயிலை ஊற்றுவது நோயை மூடி மறைப்பதுதான். சரியான கிரேடில் நல்ல ஆயில் ஊற்றி, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மறுபடி மாற்றினால் கசடு மெல்லக் கரைந்து வெளியேறும். ஃப்ளஷ் திரவம் ஊற்றி ஒரே நாளில் கழுவப் பார்த்தால், பெயர்ந்த கசடு பம்ப்பின் சல்லடையை அடைத்துவிடலாம்.

அப்படியானால் 20டபிள்யூ-50 எப்போது? பேரிங் தேய்ந்து, சூடான ஐட்லிங்கில் ஆயில் அழுத்தம் குறைந்திருந்தால். மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லி, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி உட்கார வேண்டாம். அது எரியும்போது அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். அதை மாற்றத்தான் வேண்டும், ஆயிலால் தீராது.

அடுத்தது, டப்பாவில் போட்டிருக்கும் ஏபிஐ தரம். லான்சர் வந்தபோது உச்சத்தில் இருந்தது எஸ்ஜே. பிறகு 2001இல் எஸ்எல், 2010இல் எஸ்என், 2020இல் எஸ்பி. புதிய தரத்தில் தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ் குறைவு, அது பழைய எஞ்சினுக்கு ஆகாது என்பார்கள். ஆனால் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்தும் கட்டுப்பாடு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான், 40க்குக் கிடையாது. ஆகவே 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40இல் எஸ்என், எஸ்பி எதுவானாலும் தைரியமாக ஊற்றலாம். கையேட்டின் வெப்பநிலை அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓட்டம் நன்றாக உள்ள பெட்ரோல் வண்டிக்கு என் தேர்வு செமி சிந்தெடிக் 10டபிள்யூ-40. டீசல் லான்சருக்கு சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40.

முழு சிந்தெடிக் ஊற்றினால் கசியும் என்ற பயமும் உண்டு. இறுகிப்போன சீலின் வெடிப்பை இதுவரை கசடு அடைத்திருந்தால், அது கரையும்போது கசிவு வெளியே தெரியும். கோளாறு சீலில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜிஎன்டி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து நிற்கும் நேரமெல்லாம் ஆயில் சூட்டில் வேகும், கிலோமீட்டர் மட்டும் ஏறாது. அதனால் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அப்போதே மாற்றிவிடுங்கள். நடுவில் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். ஃபில்லர் மூடிக்கு அடியில் பால் கலந்ததுபோல் பிசுக்கு தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நீண்ட தூரம் ஓட்டியும் அது போகாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

இறக்கிய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். காலி டப்பாவையும் ஓட்டை போட்டே எறியுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு வேண்டியது அந்த டப்பாதான்.